சிவப்புக் காருக்குப் பின்னால் ஏன் வெள்ளைக் கார்?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது தையல் கடைக்குப் போயிருப்பீர்கள். ரவிக்கைத் துணி மலைபோல் குவிந்து கிடக்கும். டெய்லர் வந்த வரிசையிலா தைக்கிறார்? மாட்டார். சிவப்பு நூல் கோத்த கையோடு சிவப்பு ரவிக்கைகளை எல்லாம் முடித்துவிடுவார். அப்புறம் பச்சை, அப்புறம் நீலம். ஒவ்வொரு துணிக்கும் நூல் மாற்றிக்கொண்டிருந்தால் தீபாவளி போய்ப் பொங்கலே வந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்து வரும் புத்தி அல்ல இது.

இப்போது கார்த் தொழிற்சாலை ஒன்றின் உள்ளே எடுத்த வீடியோவைப் பாருங்கள். யூடியூபில் நிறையக் கிடைக்கும். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வருகின்றன. முதலில் வருவது சிவப்பு, கூரையில் சன்ரூஃப். அடுத்தது வெள்ளை, சன்ரூஃப் இல்லை. அதற்கடுத்ததும் வெள்ளைதான், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. பிறகு மறுபடி ஒரு சிவப்பு. காலையில் எல்லாச் சிவப்பையும், மதியம் எல்லா வெள்ளையையும் செய்தால் என்ன? ஒரு டெய்லருக்கு இருக்கும் புத்தி, ஆயிரக்கணக்கான கோடி முதல் போட்ட கம்பெனிக்கு இல்லாமல் போய்விட்டதா?

இருக்கிறது. குழப்படி போலத் தெரியும் அந்த வரிசையில் ஒரு கார்கூடத் தற்செயலாக வந்து நிற்கவில்லை. எது முன்னால், எது பின்னால் என்பதை முடிவு செய்ய ஒரு கணினி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. அது என்ன கணக்கு என்பதுதான் இந்த அத்தியாயம்.

கறுப்பு மட்டும் இருந்த காலம்

1913 வரை ஃபோர்டு கம்பெனியில் காரின் அடிச்சட்டம் ஒரே இடத்தில் நிற்கும். ஆட்கள் சாமான்களோடு அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒரு அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. அந்த ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஹைலண்ட் பார்க் ஆலையில் அதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். முதலில் கயிறு கட்டி இழுத்து, பிறகு சங்கிலி பூட்டி, காரை நகர வைத்தார்கள். ஆள் தன் இடத்திலேயே நின்றார். அடுத்த ஆண்டுக்குள் அதே வேலை 93 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது.

இந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அதன் ஓரத்தில் கிடக்கும் இன்னொரு செய்தி. 1914 முதல் 1925 வரை ஃபோர்டின் ‘மாடல் டி’ கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. எல்லாக் காரும் ஏறக்குறைய ஒன்றே என்றால், எதை முன்னால் விட்டால் என்ன? வரிசை என்ற பிரச்சினையே அங்கே பிறக்கவில்லை. இருந்தது ஒரே கேள்வி: மொத்த வேலையை ஆட்களுக்கு எப்படிச் சமமாகப் பங்கு போடுவது? ஒருவருக்கு அதிகம், இன்னொருவருக்குக் குறைவு என்றால் அதிகம் உள்ளவரிடம் கார்கள் நகரும் லைன் தேங்கும். இந்தப் பங்கீட்டுக்கு ‘வேலைச் சமன்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். 1955 இல் சால்வசன் என்ற அமெரிக்கர் இதை முறையான கணிதச் சிக்கலாக எழுதிக் காட்டினார். அதிலேயே ஒரு புத்தகம் எழுதலாம். நாம் தாண்டிப் போவோம்.

சிக்கல், வாடிக்கையாளர் “எனக்குச் சன்ரூஃப் வேண்டும்” என்று சொன்ன அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

தாளம் தவறக் கூடாது

கார்த் தொழிற்சாலைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘டாக்ட்’. ஜெர்மன் மொழியில் இசையின் தாளக்கட்டைக் குறிக்கும் சொல் அது. நாமும் ‘தாள நேரம்’ என்றே சொல்லலாம். கணக்கு எளிது. ஒரு ஷிப்டில் டீ, சாப்பாட்டு இடைவேளை போக 460 நிமிடம் வேலை நடக்கிறது, 460 கார் வேண்டும் என்றால், நிமிடத்துக்கு ஒரு கார் வெளியே வந்தாக வேண்டும். தாள நேரம் 60 நொடி.

ஒரு கார் 60 நொடியில் தயாராகிவிடுகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. லைன் நெடுக நூற்றுக்கணக்கான கார்கள் பாதி முடிந்த நிலையில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ஸ்டேஷனிலும், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும், நிமிடத்துக்கு ஒரு கார் உள்ளே வரும், ஒரு கார் வெளியே போகும். பாடகர் மூச்சு வாங்குகிறார் என்று மிருதங்கக்காரர் தாளத்தை நிறுத்துவாரா? இங்கேயும் லைன் யாருக்காகவும் நிற்காது. நின்றால் அந்த ஒரு ஸ்டேஷன் மட்டும் நிற்பதில்லை, அதோடு சேர்ந்து மொத்த வரிசையும் நிற்கும்.

மஞ்சள் கோட்டைத் தாண்டும் ஆள்

சன்ரூஃப் பொருத்தும் ஸ்டேஷனுக்கு வருவோம். இனி வரும் எண்கள் கணக்கு வசதிக்காக நான் வைத்துக்கொண்டவை.

சன்ரூஃப் உள்ள காருக்கு அந்த ஸ்டேஷனில் 90 நொடி வேலை. இல்லாத காருக்கு, கூரையின் உள் உறையை மட்டும் மாட்ட 30 நொடி. தாள நேரமோ 60 நொடி. பாதிக் கார்களில் சன்ரூஃப் இருந்தால் சராசரி சரியாக 60 வருகிறது. “அப்புறமென்ன பிரச்சினை?” என்று தோன்றும். சராசரியை நம்பி ஆற்றில் இறங்கினவன் கதைதான்.

தரையில் ஸ்டேஷனின் எல்லையை மஞ்சள் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு கார் உள்ளே நுழைந்து அந்தக் கோட்டைத் தொட 90 நொடி ஆகும். ஆபரேட்டர் காரோடு நடந்துகொண்டே வேலை செய்வார். முடிந்ததும் திரும்பி அடுத்த காரிடம் போவார். திரும்பி நடக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதல் கார் சன்ரூஃப் கார். 0 வது நொடியில் ஆரம்பித்து 90 இல் முடிக்கிறார். அதற்குள் 60 வது நொடியில் இரண்டாவது கார் உள்ளே வந்துவிட்டது. அது சன்ரூஃப் இல்லாத கார் என்றால் 90 இல் தொட்டு 120 இல் முடித்துவிடுவார். சரியாக 120 இல் மூன்றாவது கார் நுழையும். கடன் தீர்ந்தது, மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவதும் சன்ரூஃப் கார் என்றால்? 90 இல் ஆரம்பித்து 180 இல்தான் முடியும். அந்தக் கார் நுழைந்தது 60 இல். ஆக, நுழைந்து 120 நொடி ஆகியும் வேலை முடியவில்லை. மஞ்சள் கோடு 90 இலேயே தாண்டிப்போனது. ஆபரேட்டர் இப்போது அடுத்தவர் எல்லைக்குள் நிற்கிறார். அவர் கையில் இருக்கும் காற்றுத் துப்பாக்கியின் குழாய் அதற்கு மேல் நீளாது. அடுத்த ஸ்டேஷன்காரர் தன் வேலையைத் தொடங்க இடம் இல்லாமல் இவர் முதுகுக்குப் பின்னால் காத்திருக்கிறார். கல்யாணப் பந்தியில் யாரோ ஒருவர் சாம்பாரை மூன்று முறை கேட்க, பின்னால் ரச வாளியோடு வந்தவர் வழியில்லாமல் நிற்பாரே, அதே காட்சி.

இனி டெய்லர் யோசனைப்படி ஐந்து சன்ரூஃப் காரைத் தொடர்ச்சியாக விட்டுப் பார்ப்போம். கார் ஒன்றுக்கு 30 நொடிக் கடன் ஏறுகிறது. ஐந்தாவது கார் உள்ளே வருவது 240 வது நொடியில். வேலை முடிவது 450 இல். ஆபரேட்டர் மஞ்சள் கோட்டைத் தாண்டி இரண்டு கார் தூரம் போயிருப்பார். பிறகு சன்ரூஃப் இல்லாத ஐந்து கார் வந்து போனால்தான் அந்தக் கடன் தீரும். நாள் முழுவதற்கும் சராசரி போட்டால் எல்லாம் சரியாகவே இருக்கும். லைன் மட்டும் நின்றுபோயிருக்கும்.

டொயோட்டா ஆலைகளில் இப்படிச் சிக்கிக்கொண்ட ஆபரேட்டர் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடிவந்து கைகொடுப்பார். கார் ஸ்டேஷனின் எல்லைக் குறியை அடைவதற்குள் வேலை முடிந்தால் லைன் ஓடும். முடியாவிட்டால் அங்கேயே நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கயிறு இழுக்க வேண்டிய நிலையே வராமல் வரிசையை அமைப்பது அதைவிட நல்லது.

அதற்காகத் திட்டமிடுவோர் ஒவ்வொரு கடினமான சாதனத்துக்கும் ஒரு விதி எழுதி வைக்கிறார்கள். சன்ரூஃபுக்கு: அடுத்தடுத்த இரண்டு காரில் ஒன்றுக்கு மேல் கூடாது. வேறொரு சாதனத்துக்கு மூன்றில் ஒன்று, இன்னொன்றுக்கு ஐந்தில் இரண்டு. இவற்றை ‘விகித விதி’ என்போம். மேலே நாம் பார்த்த நொடிக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் சுருங்கிவிடுகிறது. ஒரு கார் எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த விதி கேட்பதில்லை. அதற்குப் பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறது.

பத்துக் கார், இரண்டு விதி

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பத்துக் கார் செய்ய வேண்டும்.

சன்ரூஃப் மட்டும் கேட்டவை 3. நாற்சக்கர இயக்கம் மட்டும் கேட்டவை 2. இரண்டும் கேட்டவை 2. எதுவும் கேட்காத சாதாக் கார் 3.

விதிகள் இரண்டு. சன்ரூஃப்: இரண்டில் ஒன்றுக்கு மேல் கூடாது. நாற்சக்கரம்: மூன்றில் ஒன்றுக்கு மேல் கூடாது.

இந்தப் பத்தை வரிசைப்படுத்த மொத்தம் 25,200 வழிகள் உண்டு. ஒரே வகையில் உள்ள கார்களை இடம் மாற்றிப் போட்டால் புது வரிசையாகக் கொள்ளாமல் எண்ணிய எண் இது. இத்தனையில் இரண்டு விதிக்கும் அடங்குபவை எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மேலே படிக்கும் முன் ஒரு எண்ணை ஓரத்தில் குறித்து வையுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஏழாவது எட்டாவது இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். கையில் மிச்சம் இருக்கும் எந்தக் காரையும் வைக்க முடியாது. அதனால் அதிகப் பிடிவாதம் பிடிக்கும் விதியை முதலில் எடுப்போம். நாற்சக்கரக் கார்கள் மொத்தம் 4. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது இரண்டு வேறு கார் இருக்க வேண்டும். பத்து இடத்தில் நாலைப் பரப்ப ஒரே ஒரு வழிதான் உண்டு: 1, 4, 7, 10. ஒரு இடம் அசைந்தாலும் கடைசிக் கார் பதினோராவது இடத்துக்குத் தள்ளப்படும். ஒரே அடியில் பாதி வேலை முடிந்தது.

அடுத்து சன்ரூஃப். மொத்தம் 5 கார், எந்த இரண்டும் ஒட்டி நிற்கக் கூடாது. பத்து இடத்தில் இதற்கு ஆறு வழிகள்தான். 2, 4, 6, 8, 10 என்று இரட்டை இடங்களாகப் போடலாம். 1, 3, 5, 7, 9 என்று ஒற்றையாகவும் போடலாம். ஒற்றையில் ஆரம்பித்து நடுவில் எங்காவது ஒரு இடத்தில் இரட்டைக்குத் தாவலாம். அந்தத் தாவலை நான்கு இடத்தில் செய்யலாம்.

இந்த ஆறில் இரண்டு தேறாது. அவற்றில் சன்ரூஃப் இடங்களும் நாற்சக்கர இடங்களும் மூன்று இடத்தில் சந்திக்கின்றன. இரண்டும் கேட்ட கார் நம்மிடம் இரண்டுதானே இருக்கிறது! எனவே மிஞ்சுவது நான்கு.

25,200 இல் நான்கு. அவற்றில் ஒன்று இது:

நாற்சக்கரம் – சன்ரூஃப் – சாதா – இரண்டும் – சாதா – சன்ரூஃப் – நாற்சக்கரம் – சன்ரூஃப் – சாதா – இரண்டும்.

இன்னொரு வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் வந்து தன் சாதாக் காரில் சன்ரூஃப் வைக்கச் சொன்னால், சன்ரூஃப் கார் 6 ஆகிவிடும். நான்கும் போய்ச் சுழி. எந்தக் கணினியாலும் அன்றைக்கு அதைச் செய்ய முடியாது. ஒன்று விதியை மீற வேண்டும்; இல்லையென்றால் ஒரு சன்ரூஃப் காரை வேறு நாளுக்குத் தள்ள வேண்டும். டெலிவரி தேதி தள்ளிப்போக நூறு காரணம் இருக்கலாம். ஷோரூமில் யாரும் சொல்லாத காரணங்களில் இதுவும் ஒன்று.

பெயின்ட் ஷாப்பின் வழக்கு

இப்போது டெய்லரை மறுபடி அழைக்க வேண்டும். அவர் புத்தி வீண் அல்ல. வேறு கட்டடத்துக்கு உரியது, அவ்வளவுதான்.

லைனுக்கு வரும் முன் காரின் உடல் பெயின்ட் ஷாப்பைத் தாண்டி வருகிறது. அங்கே சிவப்பு அடித்த துப்பாக்கியில் வெள்ளை ஏற்ற வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் சிவப்பைக் கரைப்பான் விட்டுக் கழுவித் தள்ள வேண்டும். ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் கொஞ்சம் பெயின்ட், கொஞ்சம் கரைப்பான் வீண். ஆகவே பெயின்ட் ஷாப் “ஒரே நிறத்தைச் சேர்த்து அனுப்பு” என்று கேட்கும். லைனோ “ஒரே மாதிரியானதைப் பிரித்து அனுப்பு” என்று கேட்கும்.

நம் பத்துக் காரில் வேண்டுமென்றே ஒரு கொடுமையைச் சேர்ப்போம். சன்ரூஃப் கேட்ட ஐந்து பேரும் சிவப்பு கேட்டார்கள்; மற்ற ஐந்து பேரும் வெள்ளை. பெயின்ட் ஷாப் விருப்பப்படி விட்டால் ஒரே ஒரு முறை துப்பாக்கியைக் கழுவினால் போதும். நம் நான்கு விடைகளிலோ இரண்டில் 9 முறை, மற்ற இரண்டில் 8 முறை கழுவ வேண்டும். அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை.

யார் பக்கம் தீர்ப்புச் சொல்வது? லைன் நிற்பதன் செலவைப் பெயின்ட் செலவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அது ஆலைக்கு ஆலை மாறும். பெயின்ட் ஷாப்பிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நிறத்தையும் அளவில்லாமல் அடித்துக்கொண்டே போக முடியாது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு துப்பாக்கியைக் கழுவித்தான் ஆக வேண்டும். டெய்லருக்கும் நூல்கண்டு தீருமல்லவா?

பத்து ஆயிரமானால்

பத்துக் காருக்குப் பென்சில் போதும். ஆயிரம் கார், ஒவ்வொன்றும் வேறு வேறு என்று வைத்துக்கொண்டால், சாத்தியமான வரிசைகளின் எண்ணிக்கை 2,568 இலக்கம் கொண்ட எண். அதை அச்சிட இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதாது. விதிகளும் இரண்டு அல்ல, பத்து இருபது இருக்கும்.

1986 இல் பரெல்லோ, கபாட், வாஸ் என்ற மூவர் இதைக் கணினி அறிவியலாளர்களின் முன் ஒரு புதிராக வைத்தார்கள். எல்லா நேரத்திலும் வேகமாக விடை தரும் வழிமுறை எதுவும் இதுவரை தெரியாத சிக்கல்களின் குடும்பத்தில்தான் இதுவும் சேர்த்தி என்பது பின்னர் நிறுவப்பட்டது. கார் எண்ணிக்கை கூடக் கூட, சிறந்த விடை இதுதான் என்று சத்தியம் செய்ய ஆகும் நேரம் கட்டுக்கடங்காமல் போய்விடலாம்.

ஆலைக்குச் சத்தியம் தேவையில்லை. நாளைக் காலை லைன் ஓட ஒரு நல்ல வரிசை போதும். 2005 இல் பிரான்சின் செயல்பாட்டு ஆய்வுச் சங்கமான ரோடெஃப் நடத்திய போட்டிக்கு ரெனோ கம்பெனி தன் ஆலைகளின் உண்மையான தரவுகளையே கொடுத்தது. ஒரு நாள் உற்பத்தி, சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள். முன்னுரிமை அதிகமான விகித விதிகள் ஒரு பக்கம், முன்னுரிமை குறைந்த விகித விதிகள் இன்னொரு பக்கம், நிற மாற்றம் மூன்றாவது. இவற்றில் எது முக்கியம் என்ற வரிசை ஆலைக்கு ஆலை வேறு. முந்தின நாளின் கடைசிக் கார்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நேற்று இரவு கடைசியாகப் போனது சன்ரூஃப் கார் என்றால் இன்று காலை முதல் காரும் அதுவாக இருக்கக் கூடாதல்லவா? இவ்வளவுக்கும் கணினிக்குக் கிடைத்த நேரம் 10 நிமிடம்.

எஸ்டெலோன், கார்டி, நூயுவா என்ற மூவர் குழு வென்றது. அவர்கள் வழியை ஒரு குழந்தைக்கும் சொல்லிவிடலாம். ஏதோ ஒரு வரிசையை எடு. மீறல்களை எண்ணு. இரண்டு காரை இடம் மாற்றிப் பார். மீறல் கூடாவிட்டால் அப்படியே வைத்துக்கொள். கூடினால் பழைய இடத்துக்கே திருப்பிவிடு. மறுபடி செய். இதை ‘அக்கம்பக்கத் தேடல்’ என்று சொல்லலாம். இருக்கும் விடையின் பக்கத்து வீடுகளையே தட்டிப் பார்க்கிறது.

இதில் சூட்சுமம் எண்ணுவதில் இருக்கிறது. இரண்டு காரை மாற்றினால் ஆயிரம் காரின் மீறலையும் திரும்ப எண்ண வேண்டியதில்லை. அந்த இரண்டு இடத்தின் அக்கம்பக்கத்தை மட்டும் எண்ணினால் போதும். இதை மின்னல் வேகத்தில் செய்யும்படி நிரலை எழுதினார்கள். பத்து நிமிடத்துக்குள் ஏராளமான இடமாற்றங்களைச் சோதித்துத் தள்ளிவிட முடிந்தது. என் கணிப்பில், ஆழமான யோசனையை வேகமான அற்ப யோசனை தோற்கடித்த நல்ல உதாரணம் இது. கணிதக்காரர்கள் சிலர் கோபித்துக்கொள்ளலாம்.

‘மீறல் கூடாவிட்டால்’ என்று சொன்னதைக் கவனித்தீர்களா? குறைந்தால் மட்டும் அல்ல, சமமாக இருந்தாலும் மாற்றத்தை ஏற்றுக்கொள்கிறது. அப்படி அங்குமிங்கும் அலைந்துகொண்டே இருந்தால்தான் முட்டுச்சந்தில் மாட்டாமல் வேறு தெருவுக்குப் போக முடியும்.

வரிசை குலையும் இடங்கள்

கணினி கொடுத்த வரிசை அப்படியே கடைசி வாசலுக்கு வந்து சேர்வதில்லை. பெயின்ட் ஷாப்பில் ஒரு கதவில் தூசி ஒட்டிக்கொண்டால் அந்த உடலை வெளியே எடுத்துத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடும். இரண்டு சன்ரூஃப் கார்களுக்கு நடுவில் இருந்த சாதாக் கார்தான் அது என்றால், விதி உடைந்தது.

இதற்காகப் பல ஆலைகளில் பெயின்ட் ஷாப்புக்கும் லைனுக்கும் நடுவில் பல பாதைகள் கொண்ட சேமிப்புக் கூடம் ஒன்று இருக்கும். பெயின்ட் முடிந்த உடல்கள் அங்கே வெவ்வேறு பாதைகளில் காத்திருக்கும். லைனுக்கு ஏற்ற வரிசையில் மறுபடி எடுத்து விடுவார்கள். பெயின்ட் ஷாப்பின் வழக்கையும் ஓரளவு இந்தக் கூடமே தீர்த்துவைக்கிறது: அந்தப் பக்கம் நிறம் சேர்த்து உள்ளே வரும், இந்தப் பக்கம் சன்ரூஃப் பிரித்து வெளியே போகும். பெரிய கூடம் என்றால் பெரிய சுதந்திரம். இடமும் பணமும் அதே அளவுக்கு வேண்டும்.

வரிசை குலைந்தால் ஆலைக்கு வெளியேயும் அடி விழும். இருக்கை செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் கார் ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். எந்தக் கார் எப்போது லைனில் ஏறுகிறது என்ற செய்தி வந்த பிறகு, அதே வரிசையில் இருக்கைகளை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். லைனில் நிற்பவர் தேட வேண்டியதில்லை. அடுத்து கைக்கு வரும் இருக்கை அடுத்து வரும் காருக்கானது. கார் வரிசை மாறி இருக்கை வரிசை மாறாவிட்டால், சாதாக் காருக்குள் தோல் இருக்கை போய் உட்காரும்.

டொயோட்டாக்காரர்கள் இதே சிக்கலைச் சாமான்களின் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஒவ்வொரு உதிரிப்பாகமும் நாள் முழுவதும் சீரான வேகத்தில் செலவாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு ‘ஹெய்ஜுன்கா’, அதாவது சமன்படுத்தல், என்று பெயர். காலையில் எல்லாச் சிவப்பையும் செய்துவிட்டால் சிவப்புக்கு உரிய சாமான் கொடுப்பவர் காலையில் ஓடி, மதியம் தூங்குவார். வெள்ளைக்கு உரியவர் அதற்கு நேர்மாறு.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. நம் பத்துக் கார்க் கணக்கின் நான்கு விடைகளில் ஒன்றைத்தான் எழுதிக் காட்டினேன். இரண்டாவது இலவசம்: எழுதியதைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிப் படியுங்கள், விதிகள் அப்போதும் சரியாக இருக்கும். மீதி இரண்டையும் பென்சிலால் கண்டுபிடியுங்கள். அவற்றில் ஒன்று கிடைத்தால் போதும், மற்றது அதன் கண்ணாடி பிம்பம்.